அறுபது பறவைகளும் ஒரு வழக்கும்

கனடா நாட்டின் ரொறன்ரோ மாநகரிலே, யங் வீதியின் ஓரமாக, ஈற்றன் சென்ரர் என்னும் பெருவணிக மாளிகை ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற அம்மாளிகையின் நடுவே நீண்டு கிடக்கும் நடைவெளிக்குக் கண்ணாடியாலாகிய வளைகூரை வேய்ந்துள்ளனர். அக்கூரையின் கீழே, நடப்போர் தலைக்கு மேல் நெடிய உயரத்தில், அறுபது காட்டு வாத்துக்கள் வானின்று இறங்கும் கோலத்தில் 1979ஆம் ஆண்டிலே தொங்கவிடப்பட்டன. சிறகை முற்ற விரித்தன சில; கழுத்தை நீட்டிக் காற்றைக் கிழிப்பன சில; தரையை நாடித் தாழ்வன சில. இந்நாட்டை நீங்கி அந்நகரிற் குடியேறிய நம் உறவினர் எத்தனையோ பேர் அப்பறவைகளின் கீழே நடந்திருப்பர். அண்ணாந்து நோக்கி வியந்தோரும் இருப்பர். ஆனால், அப்பறவைகளின் பொருட்டு ஒரு வழக்கு நடந்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1982ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக் காலம். மாளிகையை நடத்துவோர், அலங்காரத்தின் ஒரு கூறாக, வாத்துக்களின் கழுத்திலே செந்நிற றிபன்களைக் கட்டிவிட்டனர். அதனைக் கண்ட சிற்பி வெகுண்டார். தமது படைப்பு நகைப்புக்கிடமாக்கப்பட்டது, தமது மதிப்புக்கு ஊறு நேர்ந்தது எனக் கூறி ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்தை நாடினார்.

இச்செய்தியை முதன்முதற் படித்தபோது யான் நகைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. விலை கொடுத்து வாங்கியவன் தன் பொருளுக்குப் பண்டிகை நாளில் ஒரு றிபன் கட்டுதல் கூடாதோ? மகளை மணஞ்செய்து கொடுத்த தந்தை, மருமகன் அவளுக்குப் பூச்சூட்டினான் என்று வழக்குத் தொடுப்பாரோ? இங்ஙனம் எண்ணிப் பத்திரிகையை மடித்து வைத்தேன். எனினும் ஐயம் ஒன்று உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தது. அறிவுடையோர் ஒருவர் அற்பக் காரணத்துக்காக நீதிமன்றப் படி ஏறுவரோ? அவர் யார், அவர் நடந்து வந்த வழி யாது என ஆராயப் புகுந்தேன். ஆராயுந்தோறும் நகைப்பு மறைந்தது. முடிவில் என்னையே நான் நோக்கி நாணும் நிலையும் எய்தினேன். அதனை ஈற்றிலே கூறுவேன்.

கண்ணும் காதும்

அச்சிற்பியின் பெயர் மைக்கல் ஸ்நோ. 1928ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 10ஆம் நாள் ரொறன்ரோவிலே பிறந்து, 2023ஆம் ஆண்டு தைத் திங்கள் 5ஆம் நாள், தமது 94ஆவது வயதிலே அந்நகரிலேயே மறைந்தவர். அவரைச் சிற்பி என்று மட்டும் கூறுதல் குறைபாடுடைத்து. ஓவியர், திரைப்படம் எடுத்தவர், நிழற்படக் கலைஞர், பியானோவும் எக்காளமும் வாசித்த இசைஞர் என்று பல பெயர் அவருக்குண்டு. கனடா நாடு தனது உயர்ந்த விருதுகளை அவருக்கு வழங்கிப் பெருமை கொண்டது.

தந்தையார் ஆங்கில வழிக் கனடியர், பொறியியல் அறிந்தவர், விபத்தின் விளைவாகக் கண்ணொளி இழந்தவர். தாயார் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக் குடும்பத்திலே தோன்றியவர். பியானோ வாசிப்பதில் விருப்பமுடையவர். ஒளியிழந்த கண்ணையும் இசையறிந்த காதையும் ஒரே வீட்டிற் கண்டு வளர்ந்த மகன், பிற்காலத்தில் காண்டல், கேட்டல் என்னும் இரண்டினையுமே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டமை வியப்பன்று.

ஒன்ராறியோ ஓவியக் கல்லூரியிலே பயின்று 1952ஆம் ஆண்டிலே வெளிவந்தார். அக்காலத்திலும் அதன் பின்னரும் ஜாஸ் இசைக் குழுக்களிலே வாசித்துப் பொருளீட்டினார். ஜோர்ஜ் டனிங் என்பாரின் உயிரூட்டப் படக் கூடத்திலே வேலை கிடைத்தபோதுதான் திரைப்படத் தொழிலின் நுட்பம் அவருக்குப் புலனாயிற்று. 1956ஆம் ஆண்டில், மேசை நாற்காலிகளே பாத்திரங்களாகத் தோன்றும் சிறு படமொன்றை ஆக்கினார். அக்கூடத்திலே உடன் பணியாற்றிய ஜோய்ஸ் வீலண்ட் என்னும் ஓவியரை அதே ஆண்டில் மணந்தார். அவ்வம்மையாரும் பின்னர்க் கனடாவின் பெருங்கலைஞருள் ஒருவராக விளங்கினார்.

முத்தமிழ் என மூன்றினையும் ஒருங்கு வைத்துப் போற்றிய மரபிலே வந்த நமக்கு, ஒருவரே பல கலைகளில் வல்லவராதல் புதுமையன்று. ஸ்நோவிடம் புதுமையாவது வேறொன்று. அவர் கலைகளை ஒன்றோடொன்று கலந்து குழைத்தவர் அல்லர். ஒவ்வொரு கலையையும் தனித்தனியே அணுகி, ‘பிற கலை எதனாலும் செய்யவொண்ணாது, உன்னால் மட்டுமே செய்யக்கூடியது யாது?’ என்று வினாவியவர். தமது ஓவியங்கள் திரைப்படக்காரன் ஒருவன் தீட்டியவை, திரைப்படங்கள் இசைஞன் ஒருவன் எடுத்தவை, இசை சிற்பி ஒருவன் அமைத்தது என்னும் கருத்துப்பட அவரே 1967ஆம் ஆண்டளவில் எழுதியுள்ளார். ஒரு கலையைப் பயின்ற கண்ணோடு மற்றொரு கலையைப் பார்த்தால், அதிலே ஊறியவர் காணாததைக் காணலாம் என்பது அக்கூற்றின் உட்கிடை.

நடக்கும் பெண்

1961ஆம் ஆண்டிலே, ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள பெண் உருவம் ஒன்றை அட்டையில் வெட்டியெடுத்தார். பக்கவாட்டிலே தோன்றும் இளம்பெண். அடியெடுத்து நடக்கும் கோலம். உச்சந்தலையும் கைந்நுனியும் பாதமும் வெட்டுண்டு நிற்கும். ‘நடக்கும் பெண்’ என்பது அதன் பெயர். இவ்வொரே உருவத்தை 1967 வரை, ஏறத்தாழ ஆறாண்டு காலம், அவர் விடாது கையாண்டார். வண்ணந் தீட்டினார், உலோகத்தில் வார்த்தார், துணியிற் பொறித்தார், தெருவிலே நிறுத்திப் பாதசாரிகளிடையே நிழற்படம் எடுத்தார். 1967இல் மொன்றியல் நகரிலே நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கென, துருவேறா உருக்கினாலே பதினொரு கூறுகளாக அவ்வுருவை அமைத்துக் கொடுத்தார். அத்துடன் அப்பெண்ணுக்கு விடை கொடுத்துவிட்டார்.

ஓருருவை ஆறாண்டு எழுதுவதாற் பயன் யாது என வினவலாம். ஒரு வெண்பாவை ஓராண்டு பாடஞ்சொல்லும் ஆசிரியருக்கு இவ்வினா எழாது. பொருள் மாறாது நிற்க, ஊடகம் மாறுந்தோறும் பார்வை மாறுவதை அவர் அளந்துகொண்டிருந்தார் என்க.

இதற்கிடையிலே, 1960களின் தொடக்கத்தில், கணவனும் மனைவியும் நியூயோர்க் நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1964இல் ‘நியூயோர்க்கின் கண்ணையும் காதையும் ஆளுதல்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு படம் எடுத்தார். அதற்கு இசை வழங்கியவர்கள் அல்பேட் அய்லர், டொன் செரி முதலாய புகழ்பெற்ற ஜாஸ் இசைஞர்கள். முன்னரே அமைத்த மெட்டு எதனையும் வாசிக்கலாகாது, அறுவரும் ஒருவரையொருவர் கேட்டவாறே அக்கணத்தில் வாசித்தல் வேண்டும் என்பது ஸ்நோ அவர்கட்கு விதித்த நிபந்தனை. இசையைப் படத்துக்குப் பணிப்பெண் ஆக்காது, இரண்டினையும் சரிநிகராக நிறுத்த அவர் விரும்பினார்.

அறையின் குறுக்கே ஓர் அலை

அவர் பெயரை உலகறியச் செய்தது 1967இல் வெளிவந்த ‘அலைநீளம்’ என்னும் படம். 1966ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு வாரத்திலே படம்பிடிக்கப்பட்டது. 45 நிமிடம் ஓடுவது. நியூயோர்க்கில் ஒரு மேல்மாடி அறை. எண்பது அடி நீளம். எதிர்ச்சுவரிலே உயர்ந்த சாளரங்கள். சாளரங்களுக்கு வெளியே தெரு. அறையின் இக்கோடியிலே கமரா நிற்கின்றது. அதன் வில்லை சிறிது சிறிதாகத் தன் பார்வையைக் குறுக்கிக்கொண்டே செல்ல, எதிர்ச்சுவர் நம்மை நோக்கி நெருங்கி வருவது போலத் தோன்றும். ஈற்றிலே சாளரங்களுக்கிடையே ஒட்டப்பட்டிருந்த சிறிய நிழற்படம் ஒன்று திரை முழுவதையும் நிறைத்துவிடும். அந்நிழற்படத்தில் இருப்பவை கடலலைகள். இவ்வளவுதான் படம்.

படத்தின் ஒலியும் அத்தகையதே. நொடிக்கு 50 அதிர்வு என்னும் தாழ்ந்த ஓசையிலே தொடங்கி 12,000 அதிர்வு என்னும் காதைத் துளைக்கும் ஓசை வரை, ஒரே தொனி விடாது ஏறிக்கொண்டு செல்கின்றது. ஒலியின் அலைநீளம் குறுகக் குறுகப் பார்வையின் அகலமும் குறுகுகின்றது. முடிவிலே எஞ்சுவது அலையின் உருவம். ‘அலைநீளம்’ என்னும் சொல் ஒலிக்கும் பொருந்தும். அறையின் நீளத்தைக் கடந்து அலையை அடையும் பயணத்துக்கும் பொருந்தும். சிலேடை என்பது சொல்லணி என்றே படித்தோம். ஒரு முழுப் படத்தையே சிலேடையாக அமைத்தவர் இவர்.

கதை ஒன்றுமே இல்லையோ எனின், உண்டு. தொடக்கத்தில் ஆட்கள் ஓர் அலுமாரியைத் தூக்கி வருகின்றனர். பின்னர் இரு பெண்கள் வந்து வானொலி கேட்கின்றனர். சிறிது நேரத்தின் பின் ஒருவன் தள்ளாடி வந்து நிலத்தில் வீழ்கின்றான். வீழ்ந்தவன் எழவில்லை. பின்னர் ஒரு பெண் வந்து கண்டு, தொலைபேசியிலே செய்தி சொல்லிச் செல்கின்றாள். வேறெந்தப் படமாயினும் இங்கே நின்றுவிடும். இறந்தவன் யார், கொன்றவன் யார் எனத் துருவத் தொடங்கும். ஸ்நோவின் கமரா நிற்கவில்லை. வீழ்ந்து கிடப்பவனைத் தாண்டிச் சுவரை நோக்கி அது செல்கின்றது. அவனோ திரையின் கீழ்விளிம்புக்கு அப்பால் மறைந்துபோகின்றான்.

இஃது இரக்கமின்மையன்றோ என்று முதலில் எண்ணினேன். மீள நினைக்கையில் வேறொன்று புலப்பட்டது. கதையின் சுவையில் மூழ்கும்போது நாம் கண்ணாற் காண்பதை விட்டுவிடுகின்றோம், ‘அடுத்து யாது?’ என்னும் வினா ஒன்றே நம்மை இழுத்துச் செல்கின்றது. அவ்வினாவை அறுத்தெறிந்தாற் கண் விழிக்கின்றது. சாளரத்திலே ஒளி மாறுவதையும், படச்சுருளின் நிறம் மாறுவதையும், பகல் இரவாவதையும் அது காண்கின்றது. சலிப்பு உண்டாகாதோ எனின், உண்டாகும்; அதனை மறுக்க வேண்டியதில்லை. இலக்கணம் கற்போருக்கும் தொடக்கத்திற் சலிப்பு உண்டு. சலிப்பைக் கடந்தவனுக்கே சொல் திறந்து காட்டும்.

பெல்ஜியம் நாட்டின் நொக்கே நகரிலே 1967இல் நடைபெற்ற பரிசோதனைத் திரைப்பட விழாவிலே இப்படம் முதற்பரிசு பெற்றது. இரண்டாண்டு கழித்து, 1969இல், மற்றொரு படம் வெளிவந்தது. ஒரு வகுப்பறையின் உள்ளே கமரா இடம் வலமாக, வலம் இடமாக ஓயாது திரும்புகின்றது. வேகம் ஏறி ஏறி, கடைசியிலே வகுப்பறையே கோடுகளாகக் கரைந்துபோகின்றது. மேசை, நாற்காலி, சுவர் என்று நாம் பெயரிட்டு வைத்த யாவும் பார்வையின் வேகத்தைப் பொறுத்தவை என்னும் பாடத்தை ஒரு சொல்லும் உரையாது கற்பித்த வகுப்பறை அது.

ஆசிரியனும் அவன் முகமும்

அதே 1969இல் அவர் ஆக்கிய நிழற்படப் படைப்பொன்று ஒட்டாவாவிலுள்ள கனடிய தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. ஒரு கண்ணாடி, அதன் நடுவே நாடாவினாலே வகுத்த ஒரு கட்டம். கண்ணாடியிலே தோன்றும் தம் உருவத்தை, உடனே அச்சாகும் பொலரோயிட் கமராவினால் அவர் படமெடுத்தார். எடுத்த படத்தைக் கட்டத்தின் ஒரு மூலையில் ஒட்டினார். ஒட்டிய படமும் சேர்ந்து தெரியுமாறு மீண்டும் படமெடுத்து அதனையும் ஒட்டினார். நான்கு படங்களாற் கட்டம் நிறைந்தது. ஐந்தாவது படம் கண்ணாடியின் மேன்மூலைக்குச் சென்றது.

ஒவ்வொரு படத்திலும் அதற்கு முந்திய படங்கள் உள்ளன. படம் பெருகப் பெருக, எடுப்பவரின் முகம் தம் படங்களாலேயே மறைக்கப்படுகின்றது. அதன் முன் வந்து நிற்போர் எஞ்சிய கண்ணாடிப் பரப்பிலே தம் முகத்தையே காண்பர். இப்படைப்புக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயரும் சிலேடையே: அதிகாரம் வழங்குதல் என்பது நேர்ப்பொருள், ஆக்கியோன் ஆதல் என்பது உட்பொருள். படைப்பைச் செய்யுந்தோறும் செய்தவன் மறைகின்றான். ஆயினும் படைப்பின் ஒவ்வோர் அடுக்கிலும் அவன் கையே இருக்கின்றது. பதின்மூன்றாண்டு கழித்து நீதிமன்றத்திலே அவர் கூறவேண்டியிருந்ததை இக்கண்ணாடி அன்றே கூறிவிட்டது எனலாம்.

1970இல் வெனிஸ் நகரத்துக் கலைவிழாவிலே கனடாவின் சார்பிற் கலந்துகொண்ட அவர், அவ்வாண்டிலேயே எவரும் எதிர்பாராத முயற்சி ஒன்றில் இறங்கினார். மொன்றியலைச் சேர்ந்த பியர் அபலூஸ் என்னும் தொழில்நுட்ப வல்லுநரின் துணையோடு, கமராவை எத்திசையிலும் சுழற்றவல்ல பொறி ஒன்றை அமைத்தார். வட கியூபெக்கிலே மனித வாடையற்ற மலையுச்சி ஒன்றைத் தேர்ந்து, ஹெலிகொப்ரரில் அதனை ஏற்றிச் சென்றார். பொறி சுழன்றது; பாறையையும் வானையும் ஏரியையும் கமரா தானே வட்டமிட்டு நோக்கியது. மேலென்றும் கீழென்றும் ஒன்றில்லை. 1971இல் வெளிவந்த ‘நடுப் பிரதேசம்’ என்னும் அப்படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. அதிலே ஒரு மனிதனும் தோன்றான். நிலத்தை நோக்கும்போதெல்லாம் ‘இஃது எனக்கு என்ன தரும்?’ என்று நோக்கிப் பழகிய கண்ணுக்கு, தன் பயன் கருதாத பார்வை எத்தகையது என்று காட்ட முயன்றது அது.

ஏடில்லா இசை

1970களின் தொடக்கத்திலே ரொறன்ரோ மீண்ட ஸ்நோ, 1974இல் நண்பர்களோடு சேர்ந்து ‘சீ. சீ. எம். சீ.’ என்னும் இசைக்குழுவை அமைத்தார். எழுதிவைத்த இசையை அவர்கள் வாசிப்பதில்லை. மேடையேறியபின் பிறப்பதே இசை. வாசித்து முடிந்ததும் அது மறைந்துவிடும். 1976இல் அக்குழுவினர் நிறுவிய ‘இசைக் கூடம்’ புதுமுயற்சி இசைக்கு ரொறன்ரோவிலே நிலையான இடத்தை அளித்தது. அவர் முதுமையிலும் இவ்விசையை வாசித்து வந்தார்.

இசையிலும் அவரது குறும்பு ஓயவில்லை. 1987இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். உலகின் பல மூலைகளில் அருகிவரும் இசை மரபுகளைத் திரட்டிய ஆவணம் போல அது தோன்றும். நீண்ட ஆராய்ச்சிக் குறிப்புகளும் உடன் உண்டு. உண்மையிலே அத்தனை இசையையும் பாடியும் வாசித்தும் பதிவுசெய்தவர் ஸ்நோவே. அவ்வுண்மையைக் கூறும் குறிப்பைத் தட்டின் உறையிலேயே இடவலம் மாறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார். கண்ணாடியிற் பிடித்தாலன்றிப் படிக்கவியலாது. உரையாசிரியர் கூற்றை ஆராயாது ஏற்கும் மாணாக்கருக்கு இதனினும் சிறந்த எச்சரிக்கை உண்டோ?

றிபன் வழக்கு

இனி, வாத்துக்களிடம் மீள்வோம். அவை வெறும் பொம்மைகள் அல்ல. கண்ணாடியிழையாற் செய்த அறுபது உடல்களின் மேலும் போர்த்தப்பட்டிருப்பது நிழற்படம். ஒரேயொரு வாத்தினை எடுத்த நிழற்படங்களே அறுபது பறவைகளுக்கும் தோலும் இறகும் ஆயின. படைப்பின் பெயர் ‘பறப்பின் நிறுத்தம்’ என்று பொருள்படும். பறவை தரையிறங்குதலும் பறப்பின் நிறுத்தமே. ஓடுகின்ற கணத்தை நிழற்படம் பிடித்து நிறுத்துதலும் பறப்பின் நிறுத்தமே. ‘நடக்கும் பெண்’ணிலே தொடங்கிய உருவ ஆராய்ச்சியும், ‘அலைநீள’த்திலே முடிந்த நிழற்படமும், கண்ணாடி முன் நிகழ்ந்த சோதனையும் இங்கே ஒன்றுகூடி வணிக மாளிகையொன்றின் கூரையின் கீழே தொங்குகின்றன.

இதன் கழுத்திலே றிபன் கட்டினால் என்ன ஆகும்? காட்டுப் பறவை பரிசுப் பொருளாகிவிடும். கணத்தின் நிறுத்தம் கடையின் விளம்பரமாகிவிடும். நிழற்படத்தின் துல்லியத்தால் உயிர்பெற்ற ஒன்று அலங்காரப் பொம்மையாய் இழியும். வீனஸ் தேவியின் பழஞ்சிலைக்குத் தோடு மாட்டியது போன்றது இது என ஸ்நோ வாதிட்டார். அவருக்குத் துணையாக மதிப்புவாய்ந்த வேறு கலைஞரும் அறிஞரும் கருத்துரைத்தனர்.

சிற்பத்தின் உடைமை மாளிகைக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால், கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்திலே 1931ஆம் ஆண்டு முதல் ஒரு பிரிவு இருந்தது. உரிமையை விற்றபின்னரும், தன் படைப்பு தன் மானத்துக்கோ மதிப்புக்கோ ஊறு விளையுமாறு சிதைக்கப்படின், அதனைத் தடுக்கும் உரிமை ஆக்கியோனுக்கு உண்டு என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் ஏட்டளவில் உறங்கிய அப்பிரிவை இவ்வழக்கு எழுப்பியது. ஊறு நேர்ந்ததா என்பதை ஆராயும்போது, ஆக்கியோனின் சொந்தத் தீர்ப்புக்கும் அதிலே இடமுண்டு, அத்தீர்ப்பு நியாயமான வழியில் எட்டப்பெற்றதாய் இருத்தல் வேண்டும் என்று நீதிபதி ஓ’பிரையன் கொண்டார். றிபன்களை அகற்றுமாறு கட்டளை பிறந்தது. 1982 மார்கழியிலே வாத்துக்களின் கழுத்து விடுதலை பெற்றது.

அன்று முதல், படைப்பாளியின் நெறிசார் உரிமை பற்றிப் பயிலும் சட்ட மாணவர் பலநாட்டிலும் இவ்வழக்கைப் படிக்கின்றனர். 1988இல் கனடாவின் சட்டம் மேலும் வலுப்பெற்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இத்தகைய உரிமையை ஆக்கியோனுக்கு வழங்கியுள்ளது. நம் எழுத்தாளரிற் பலர் இதனை அறியார்.

இவ்வுரிமையை எல்லை கடந்து இழுத்தால், வாங்கியவன் தன் வீட்டுச் சுவரிலே மாட்டிய ஓவியத்தைத் துடைப்பதற்கும் அஞ்சவேண்டி வருமே எனச் சிலர் கூறுவர். அக்கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலாலேதான் ஆக்கியோனின் சினம் மட்டும் போதாது, அது நியாயமாகவும் இருத்தல் வேண்டும் என்னும் அளவுகோலை நீதிமன்றம் வைத்தது. இவ்விடத்தில் இன்னொன்றையும் நோக்குக. 2003ஆம் ஆண்டில் ஸ்நோ தமது புகழ்பெற்ற ‘அலைநீள’த்தைத் தாமே மூன்றாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 15 நிமிடப் படமாக வெளியிட்டார்; நேரமில்லாதவர்களுக்கு என்று குறிப்பும் சேர்த்தார். அறுபது றிபனுக்கு வெகுண்டவர், தம் தலைசிறந்த படைப்பைத் தாமே வெட்டி விளையாடினார். முரண்போலத் தோன்றும் இதிலே முரண் இல்லை. அவர் காத்தது மாறாமையை அன்று. மாற்றும் கை யாருடையது என்பதையே.

சோளகமும் தென்றலும்

தமிழ்ப் புலவருக்கு இஃது அயலான வழக்கன்று. செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பட்ட பாடெல்லாம் எதன் பொருட்டு? புலவன் வைத்த சொல் இதுவா, பிற்காலத்தான் ஒருவன் புகுத்திய சொல் இதுவா எனத் துணிதற் பொருட்டன்றோ? இடைச்செருகல் என்று நாம் இகழ்வது யாது? பிறர் படைப்பின் கழுத்திலே கட்டிய றிபனே அது. கட்டியவன் பெரும்பாலும் பகைவன் அல்லன், அழகுபடுத்துவதாய் எண்ணியவனே.

யான் நாணினேன் என்றேனே, அதன் காரணம் இது. பல ஆண்டுகளுக்கு முன், கல்லூரி மலரின் பதிப்பாசிரியனாய் இருந்தேன். கடற்றொழில் செய்யும் குடும்பத்து மாணவன் ஒருவன் கவிதை ஒன்று எழுதித் தந்தான். தந்தை கடலுக்குப் போகாத நாட்களைப் பற்றிய கவிதை. அதிலே ‘சோளகம்’ என்று ஒரு சொல் வந்தது. அது பேச்சுச்சொல், மலருக்கு ஏற்காது என்று கருதி, அதனை அடித்துத் ‘தென்றல்’ என்று எழுதினேன், ஓசையும் பொருந்திற்று. மலர் வெளிவந்தது. பலரும் பாராட்டினர்.

சில நாட் கழித்து அம்மாணவன் மலரோடு வந்து நின்றான். “ஐயா, தென்றல் அடிச்சால் அப்பா தொழிலுக்குப் போவார். சோளகத்துக்குத்தான் வள்ளத்தைக் கரையில ஏத்துறது. இது நான் எழுதினது இல்லை, ஐயா” என்றான். யாப்பமைதி பற்றியும் செஞ்சொல் பற்றியும் நான் நெடுநேரம் விளக்கினேன். அவன் மறுத்துப் பேசவில்லை. தலையசைத்துப் போனான். அதன் பின் அவன் எனக்கொரு கவிதையும் தரவில்லை.

அவனுடைய கவிதைக்கு அழகு செய்ததாக இதுகாறும் எண்ணியிருந்தேன். ரொறன்ரோவிலே ஒரு சிற்பி அறுபது றிபன்களை அவிழ்க்குமாறு கேட்ட கதையைப் படித்தபின்னரே, ஒரு கடலையே நான் அடித்துவிட்டேன் என்பது விளங்கிற்று. அவனுக்கு நீதிமன்றம் இல்லை. அவனுடைய நீதிபதியும் எதிர்வழக்காளியும் யானே.

மைக்கல் ஸ்நோவின் திரைப்படங்களை நம் மாணவர் யாவரும் பார்த்து மகிழ்தல் வேண்டும் என யான் வற்புறுத்தேன். அவை எல்லோர்க்கும் உரியன அல்ல. ஓவியம், இசை, திரை, நிழற்படம் என அவர் நடந்த நீண்ட வழியிலே ஒரு பாடம் மட்டும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. ஒன்றைத் திருத்தத் தொடங்குமுன் அதனை முற்ற நோக்குக; செய்தவன் ஏன் அவ்வாறு செய்தான் என வினாவுக. அவ்வினாவுக்கு நாற்பத்தைந்து நிமிடம் வேண்டுமாயின், நாற்பத்தைந்து நிமிடமும் பொறுத்திருக்க.

இவ்வாண்டு மலருக்கு வரும் கவிதைகளை, சிவப்பு மையை மேசையின் உள்ளே வைத்துவிட்டே வாசிக்கத் துணிந்துள்ளேன்.